ஒரே விற்பனைக்கு மூன்று வரிக் கணக்குகள்: தந்தையிடமிருந்து வந்த பங்குகளின் அடக்க விலை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சேலத்தில் நாங்கள் நடத்தும் வரி ஆலோசனை அலுவலகத்துக்கு 2025 ஜூன் மாதம் வந்த ஒரு விவகாரத்தின் பதிவு இது. விற்ற பங்குகளின் ஆதாயத்தைக் காண, விற்ற விலையிலிருந்து கழிக்க வேண்டிய அடக்க விலை எது என்பதே கேள்வி. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு எழுதுகிறோம். அவருடைய அடையாளம் வெளிப்படாதிருக்கப் பங்கு எண்ணிக்கைகளும் விலைகளும் முழு எண்களாக மாற்றப்பட்டுள்ளன. கணக்கின் போக்கில் எதுவும் மாற்றப்படவில்லை. முதன்மையான நிறுவனத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறோம்.

பின்னணி

எங்களிடம் வந்தவர் சேலத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அவருடைய தந்தை ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட அலுவலகத்தில் கணக்கராக இருந்து, ஓய்வுக்குப் பிறகும் மலையை விட்டு இறங்காமல் நாகலூர் செல்லும் வழியில் ஒரு சிறிய வீட்டில் வாழ்ந்தவர். சேமிப்பில் ஒரு பகுதியைப் பங்குகளில் போட்டுவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. 1996 பிப்ரவரியில், கோயம்புத்தூர் பங்குச் சந்தையின் தரகர் ஒருவர் மூலம், ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 10 ரூபாய் முகமதிப்புள்ள (பங்கின் மேல் குறிக்கப்பட்ட மதிப்பு) பங்குகளில் 200-ஐ, ஒன்று 240 ரூபாய் வீதம் வாங்கினார். தரகு 480 ரூபாயோடு சேர்த்து அவர் கொடுத்தது 48,480 ரூபாய். காகிதச் சான்றிதழ்களாக இருந்த அந்தப் பங்குகளை 2001-இல், பங்குகளை மின்னணுப் பதிவாக வைக்கும் டீமேட் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் எதையும் விற்கவில்லை. ஆனால் பங்குகள் தாமாகப் பெருகின. 2005-இல் 10 ரூபாய் முகமதிப்பு 2 ரூபாயாகப் பிரிக்கப்பட்டதில் 200 பங்குகள் 1,000 ஆயின. 2010-இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது விலையில்லாப் பங்கு, கிடைத்து 2,000 ஆயின. 2019-இல் இரண்டுக்கு ஒன்று போனஸ் கிடைத்து 3,000 ஆயின. 2022 நவம்பரில் அவர் காலமானார். உயிலின்படி பங்குகள் அனைத்தும் மகளுக்கு. 2023 மார்ச்சில் அவை மகளின் டீமேட் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. அதே கணக்கில், அதே நிறுவனத்தின் 300 பங்குகளை மகள் 2021 ஜூலையில் தாமே வாங்கி வைத்திருந்தார். கட்டணங்கள் உட்பட அவற்றின் அடக்கம் 1,14,300 ரூபாய்.

2024 செப்டம்பரில், தம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகவும் வீட்டின் மேல்தளப் பழுதுக்காகவும், 3,300 பங்குகளில் 1,500-ஐ ஒன்று 520 ரூபாய் வீதம் அவர் சந்தையில் விற்றார். கிடைத்தது 7,80,000 ரூபாய். விற்கும்போது யாரிடமும் கேட்கவில்லை.

வந்த அன்று கண்டவை

அவர் இரண்டு தாள்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று, பங்குத் தரகு நிறுவனத்தின் மென்பொருள் தந்த மூலதன ஆதாய அறிக்கை. அதில் அவர் தாமாக வாங்கிய 300 பங்குகளுக்குச் சரியான விலை இருந்தது. தந்தையிடமிருந்து வந்த 1,200 பங்குகளுக்கு வாங்கிய நாள் 2023 மார்ச் என்றும், வாங்கிய விலை பூஜ்யம் என்றும் இருந்தது. சந்தைக்கு வெளியே, வாரிசு உரிமையால் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு வரும் பங்கோடு அதன் விலை வந்து சேர்வதில்லை. எனவே மென்பொருள் வெற்றிடத்தைப் பூஜ்யமாகக் காட்டியிருந்தது. இரண்டாவது தாளில் அமெரிக்காவில் வசிக்கும் அவருடைய அண்ணன் போட்டு அனுப்பிய கணக்கு இருந்தது. தந்தை இறந்த நாளில் பங்கின் சந்தை விலை 455 ரூபாய். அதையே அடக்க விலையாகக் கொண்டு அவர் கணக்கிட்டிருந்தார்.

அண்ணன் கணக்கின்படி வரியே இல்லை: 1,200 பங்குகளில் 78,000 ரூபாய், 300 பங்குகளில் 41,700 ரூபாய், இவற்றிலிருந்து விற்பனைத் தரகு முதலிய செலவு 1,700 ரூபாயைக் கழித்தால் ஆதாயம் 1,18,000 ரூபாய், அது விலக்கு வரம்பான 1,25,000 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. மென்பொருளின் கணக்கின்படி ஆதாயம் 6,64,000 ரூபாய். விலக்கு போக 5,39,000 ரூபாய்க்கு 12.5 சதவீதம் 67,375 ரூபாய், வரியின் மேல் விதிக்கப்படும் 4 சதவீதச் செஸ் சேர்த்து 70,070 ரூபாய். "ஒரே விற்பனை சார், ஒரு தாள் எழுபதாயிரம் என்கிறது, ஒரு தாள் ஒன்றுமே இல்லை என்கிறது, அப்பா இருந்திருந்தால் அவரையே கேட்டிருப்பேன்" என்றார்.

இரண்டு தாள்களுமே தவறு என்பதை அன்றே சொல்லிவிட்டோம். ஆனால் சரியான எண் எது என்பதை அன்றே சொல்லவில்லை. அது தந்தையின் காகிதங்களைப் பார்க்காமல் சொல்லக்கூடியதாக இல்லை.

அண்ணன் சொன்னது எங்கே பொருந்தும்

அண்ணன் மேல் பிழை சொல்வதற்கில்லை. அமெரிக்க வரிச் சட்டத்தில், ஒருவர் இறந்த நாளின் சந்தை விலையே பொதுவாக வாரிசுக்கு அடக்க விலையாகிறது. அதுவரை ஏறிய விலைக்கு வரி கட்டும் பொறுப்பு வாரிசுக்கு இல்லை. இணையத்தில் தேடினாலும் முதலில் கண்ணில் படுவது அந்த விதியே. இந்த விற்பனைக்குப் பொருந்தும் இந்திய வருமான வரிச் சட்டம், 1961, வேறு வழியில் செல்கிறது. பிரிவு 49(1)-இன்படி, உயில், வாரிசுரிமை, நன்கொடை ஆகியவற்றின் வழியாக வந்த சொத்துக்கு, முந்தைய உரிமையாளர் கொடுத்த விலையே புதியவருக்கும் அடக்க விலை. அவர் வைத்திருந்த காலமும் சேர்த்தே எண்ணப்படும். சொத்து கைமாறினாலும் அதன் வரலாறு அறுவதில்லை. ஆகவே நாங்கள் தேட வேண்டியது 2022 நவம்பரின் விலையை அல்ல. தந்தை என்ன கொடுத்தார், எப்போது கொடுத்தார் என்பதை.

ஏற்காட்டு வீட்டில் கிடைத்தவை

ஜூலை முதல் வாரத்தில் அவரும் எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அந்த வீட்டுக்குச் சென்றார்கள். மழைக்காலத்தில் ஏற்காட்டுப் பனிமூட்டம் அலமாரிக்குள்ளும் புகுந்துவிடும். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்த கான்ட்ராக்ட் நோட்டுகள் (பங்கு வாங்கியதற்குத் தரகர் தரும் ரசீதுகள்) ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. குண்டூசி துருப்பிடித்து, கார்பன் எழுத்து ஒரு தாளிலிருந்து அடுத்த தாளில் பதிந்திருந்தது. அவற்றை வலிந்து பிரிக்காமல் சேலத்துக்குக் கொண்டுவந்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து இரண்டு நாள் உலர்த்தினோம். 1996-ஆம் ஆண்டின் நோட்டில் தேதியும் 200 என்ற எண்ணும் 240 என்ற விலையும் படிக்கக் கிடைத்தன.

அதைவிட எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது ஒரு நீள நோட்டு. முன்பக்கத்திலிருந்து காபி எடைக் கணக்கு. அதையே திருப்பிப் போட்டால் கடைசிப் பக்கத்திலிருந்து பங்குக் கணக்கு. ஒவ்வொரு வரியிலும் தேதி, எண்ணிக்கை, விலை, காசோலை எண். 2005-க்கு நேரே "முகமதிப்பு 2 ஆயிற்று. பங்கு 1000. பணம் அதேதான்" என்று இருந்தது. 2010-க்கு நேரே "போனஸ் 1000. விலை இல்லை". 2019-க்கு நேரேயும் அதே சொற்கள், சற்று நடுங்கிய கையில். பங்குப் பிரிப்புக்கும் போனஸுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாக எழுதிவைத்தவரை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. பிரிப்பில் பழைய பணமே புதிய எண்ணிக்கைக்குள் பங்கிடப்படுகிறது. 48,480 ரூபாயை 1,000-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 48.48 ரூபாய். போனஸ் அப்படியல்ல, பிரிவு 55-இன்படி அது தனிப் பங்கு, அதன் அடக்க விலை பூஜ்யம், பழைய பங்கின் விலை குறையாமல் அப்படியே நிற்கும்.

முதன்மையான முடிவு: 31-1-2018 விலை

பட்டியலிடப்பட்ட பங்குகளின் நீண்டகால ஆதாயத்துக்கு நெடுநாள் வரிவிலக்கு இருந்தது. 2018 பிப்ரவரி 1 அன்று தாக்கல் செய்யப்பட்ட நிதிநிலை அறிக்கை அதை நீக்கிப் பிரிவு 112ஏ-வைக் கொண்டுவந்தபோது, அதற்கு முந்தைய நாள்வரை ஏறியிருந்த விலைக்கு மட்டும் பாதுகாப்புக் கொடுத்தது. அதன்படி, 2018 பிப்ரவரி 1-க்கு முன் பெற்ற பங்குக்கு, 31-1-2018 அன்று சந்தையில் பதிவான உச்ச விலை, விற்ற விலை இரண்டில் குறைந்ததை முதலில் எடுக்க வேண்டும். பிறகு அதையும் உண்மையான அடக்க விலையையும் ஒப்பிட்டு, இரண்டில் கூடியதை அடக்க விலையாகக் கொள்ள வேண்டும். வாரிசாகப் பெற்றவருக்குத் தந்தை வைத்திருந்த காலமும் சேர்வதால் இந்தப் பாதுகாப்பும் கிடைக்கிறது.

இந்த நிறுவனப் பங்கின் உச்ச விலை அன்று 310 ரூபாய். விற்ற விலை 520. எனவே 1996-இல் வாங்கிய பங்குகளுக்கு 48.48 ரூபாய் போய் 310 ரூபாய் அடக்க விலையாகிறது. 2001 ஏப்ரல் 1-க்கு முன் பெற்ற சொத்துக்கு அந்த நாளின் சந்தை விலையை எடுத்துக்கொள்ளும் உரிமையும் சட்டத்தில் உண்டு. இங்கே அது 310-ஐ எட்டவில்லை என்பதால் பயன்படவில்லை. 2010 போனஸும் 2018-க்கு முன்னரே வந்துவிட்டதால், பூஜ்யத்துக்குப் பதிலாக அதற்கும் 310 ரூபாய். 2019 போனஸ் 1,000 பங்குகளுக்கு மட்டும் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அவற்றின் அடக்க விலை பூஜ்யமே.

ஆகவே, நாங்கள் இரண்டு நாள் உலர்த்திப் படித்த 240 ரூபாய் கடைசிக் கணக்கில் இடம்பெறவே இல்லை. தேவைப்பட்டது வேறு ஒரு சான்று: 2018 ஜனவரி 31 அன்று தந்தையின் கணக்கில் எத்தனை பங்குகள் இருந்தன என்பது. மூடப்பட்டுவிட்ட அந்தக் கணக்கின் பழைய பரிவர்த்தனை விவரத்தைக் கேட்டு, டீமேட் கணக்கு இருந்த கிளைக்கு இறப்புச் சான்றிதழ், உயில் நகலோடு கடிதம் கொடுத்தோம். பதினெட்டு நாட்களில் விவரம் வந்தது. அன்றைய இருப்பு 2,000. முகமதிப்பு மாறும்போது பங்கின் ஐசின் எண்ணும் (ஒரு நிறுவனத்தின் பங்கு வகையைக் குறிக்கும் குறியீடு) மாறிவிடும் என்பதால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அந்த விவரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டோம்.

நாங்கள் செய்த பிழை

முதல் கணக்கில் 310-க்குப் பதிலாக 206.67 ரூபாயை எடுத்திருந்தோம். பழைய விலைகளைத் தரும் ஒரு தளத்தில் பார்த்த எண் அது. பிற்காலத்துப் போனஸுக்கு ஏற்ப அந்தத் தளம் பழைய விலைகளையெல்லாம் குறைத்துக் காட்டும். 310-இல் மூன்றில் இரண்டு பங்கு 206.67. வரைபடம் பார்ப்பவருக்கு அது உதவும், வரிக் கணக்குக்கு உதவாது. 2019 போனஸ் பங்குகளுக்குச் சட்டம் ஏற்கெனவே பூஜ்ய விலை வைத்துவிட்ட நிலையில், பழைய பங்கின் விலையையும் குறைத்தால் ஒரே போனஸுக்காக இரண்டு முறை இழக்கிறோம். 2018-க்குப் பின் நடந்தது முகமதிப்புப் பிரிப்பாக இருந்தால் மட்டும் 310-ஐ வகுத்தாக வேண்டும். அந்த எண்ணோடு தாக்கல் செய்திருந்தால் ஆதாயம் 1,24,000 ரூபாய் கூடி, வரி 16,120 ரூபாய் அதிகமாகியிருக்கும். நோட்டில் "விலை இல்லை" என்ற வரியை மறுபடி படித்தபோதுதான் ஐயம் எழுந்தது. பங்குச் சந்தை அன்றன்று வெளியிடும் விலைப்பட்டியலில் 31-1-2018-ஐ எடுத்துப் பார்த்து உறுதிசெய்தோம்.

எந்தப் பங்கு முதலில் வெளியேறியது

அடுத்த கேள்வி, விற்ற 1,500 பங்குகள் எவை என்பது. டீமேட்டில் இருக்கும் பங்குகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கிடையாது. ஆகவே பிரிவு 45(2ஏ), முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறையை விதிக்கிறது. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 24-6-1998 தேதியிட்ட 768-ஆம் எண் சுற்றறிக்கை இதை இன்னும் தெளிவாக்குகிறது: வரிசை ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனி, அந்த வரிசை கணக்கில் நுழைந்த நாளைப் பொறுத்தது. பழைய காகிதப் பங்கு பின்னர் டீமேட் ஆனாலும் வெளியேறும் வரிசைக்கு நுழைந்த நாளே கணக்கு என்று அது சொல்கிறது. அதே நெறியை இங்கும் கைக்கொண்டோம். தந்தையின் பங்குகள் 1996-இன் வயதுடையவையாக இருந்தாலும் மகளின் கணக்கில் நுழைந்தது 2023-இல். மகள் வாங்கியவை நுழைந்தது 2021-இல். எனவே மகளின் 300 முதலில், பிறகு தந்தையின் 1,200. ஒரே நாளில் நுழைந்த 3,000-க்குள், தந்தையின் கணக்கில் அவை வந்த வரிசையையே பின்பற்றி, 1996-இன் 1,000, 2010 போனஸில் 200 என்று கொண்டோம்; இந்தத் தேர்வின் காரணத்தை ஒரு குறிப்பாக எழுதிக் கோப்பில் வைத்தோம்.

கணக்கு இப்படி முடிந்தது. 300 பங்குகள்: விற்பனை 1,56,000, அடக்கம் 1,14,300, ஆதாயம் 41,700. 1,200 பங்குகள்: விற்பனை 6,24,000, அடக்கம் 3,72,000, ஆதாயம் 2,52,000. இரண்டும் சேர்ந்து 2,93,700. செலவு 1,700 போக 2,92,000. பங்குப் பரிவர்த்தனை வரியைச் செலவாகக் கழிக்க முடியாது என்பதால் அது அந்த 1,700-க்குள் இல்லை. விற்பனை 2024 ஜூலை 23-க்குப் பிறகு நடந்ததால் விகிதம் 12.5 சதவீதம், விலக்கு 1,25,000. மீதி 1,67,000 ரூபாய்க்கு வரி 20,875, செஸ் 835, ஆக 21,710 ரூபாய்.

தாக்கலும் அதன் பின்னும்

அந்த ஆண்டு தாக்கலுக்கான கடைசி நாள் செப்டம்பர் 15-க்கு நீட்டிக்கப்பட்டிருந்ததால் சான்றுகளுக்குக் காத்திருக்க முடிந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் தாக்கல் செய்தோம். 112ஏ அட்டவணையில், 2018-க்கு முற்பட்ட பங்குகளை ஐசின் எண்ணோடும் 310 ரூபாய் விலையோடும் தனியாகவும், மகள் வாங்கியவற்றைத் தனியாகவும் காட்டினோம். முன்கூட்டிய வரி கட்டியிராததால் வட்டியும் சேர்ந்தது. துறையின் பரிசீலனை அறிவிப்பு எந்த மாற்றமும் இன்றி வந்தது.

இடையில் இன்னொரு பங்கும் கணக்குக்குள் வந்தது. தந்தை 2020-இல் எச்டிஎஃப்சி நிறுவனத்தின் 50 பங்குகளைக் கட்டணங்களோடு 84,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். 2023 ஜூலை 1 அன்று அந்த நிறுவனம் எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்து, 25 பங்குகளுக்கு 42 வங்கிப் பங்குகள் கொடுக்கப்பட்டன. 50 பங்குகள் 84 ஆயின. இணைப்பு விற்பனையாகக் கருதப்படாது. பழைய பணமே புதிய பங்குகளுக்குச் சென்று, ஒன்றுக்கு 1,000 ரூபாய் ஆகிறது. தரகு அறிக்கையோ வாங்கிய ஆண்டையே 2023 என்று காட்டியது. நாங்கள் இதைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தபோதே, 2025 ஆகஸ்ட் 27-ஐப் பதிவு நாளாகக் கொண்டு அந்த வங்கி ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. 84 என்பது 168 ஆயிற்று. புதிய 84-க்கு அடக்க விலை பூஜ்யம். அந்த அம்மையார் தந்தையின் நீள நோட்டை எங்கள் மேசையில் திருப்பிப் போட்டு, அவருடைய கடைசி வரிக்குக் கீழே, தேதியும் "போனஸ் 84. விலை இல்லை" என்பதையும் தம் கையால் எழுதினார்.

வேறு விதமாகச் செய்திருக்கக்கூடியவை

விற்பதற்கு முன் அவர் வந்திருந்தால் வரி பாதிக்கும் கீழே குறைந்திருக்கும் என்பதே எங்களுக்கு உள்ள பெரிய வருத்தம். மேல்தளப் பழுது அடுத்த கோடைவரை பொறுத்திருக்கக்கூடிய செலவு. பாதிப் பங்குகளை 2024 செப்டம்பரிலும் மீதியை 2025 ஏப்ரலிலும் இதே விலைக்கு விற்றிருந்தால், ஆதாயம் இரண்டு நிதியாண்டுகளில் விழுந்து, 1,25,000 ரூபாய் விலக்கு இரண்டு முறை கிடைத்திருக்கும். மொத்த வரி 5,460 ரூபாயோடு நின்றிருக்கும். 16,250 ரூபாய் மிச்சமாகியிருக்கும். ஏப்ரலில் விலை இறங்கியிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்தத் தேர்வு அவர் முன் வைக்கப்படவே இல்லை.

வாரிசாக வரும் பங்குகளைத் தனி டீமேட் கணக்கில் பெற்றிருந்தால், எதை முதலில் விற்பது என்பதை அவரே தீர்மானித்திருக்கலாம். இப்போது அவர் வாங்கிய 300-உம் வெளியேறிவிட்டதால், பழைய கணக்கில் இருப்பவை தந்தையின் பங்குகள் மட்டுமே. இனி அதே நிறுவனத்தில் புதிதாக வாங்குவதானால் வேறு கணக்கில் வாங்கச் சொல்லியிருக்கிறோம்.

எங்கள் அலுவலக நடைமுறையிலும் இரண்டை மாற்றியுள்ளோம். 31-1-2018 விலையைச் சந்தையின் அன்றைய பட்டியலைத் தவிர வேறெங்கிருந்தும் எடுப்பதில்லை. வாரிசுப் பங்கு என்று தெரிந்ததுமே, பழைய கான்ட்ராக்ட் நோட்டைத் தேடும் முன், இறந்தவரின் டீமேட் விவரத்துக்குக் கடிதம் கொடுத்துவிடுகிறோம்; அது வருவதற்குத்தான் நாளாகிறது.

மீதமுள்ள 1,800 பங்குகளில் முதலில் வெளியேறப்போவது 2010 போனஸின் 800. இவற்றுக்கு 310 ரூபாய் அடக்கம் இருப்பதால், 520 ரூபாய் விலையில், வேறு நீண்டகால ஆதாயம் இல்லாத ஓர் ஆண்டில் 595 பங்குகள் வரை வரியின்றி விற்கலாம். அவை தீர்ந்த பிறகு வரும் 2019-இன் 1,000 பங்குகளுக்கு அடக்கமே இல்லாததால், அதே விலையில் ஆண்டுக்கு 240 மட்டுமே அந்த வரம்புக்குள் அடங்கும். அந்த அம்மையாருடைய மகளின் படிப்பு முடிய இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. எந்த ஆண்டில் எத்தனை விற்பது என்ற அட்டவணையை அந்தக் கட்டண நாட்களோடு பொருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு பிப்ரவரியிலும், நிதியாண்டு முடியும் முன், அன்றைய விலைக்கு அதைத் திருத்த வேண்டும் என்று பேசி வைத்துள்ளோம்.